சௌதா பெயரில் எட்டுப் பேர்

சௌதா கடையை விற்கப் போகிறாள் என்ற செய்தி எனக்கு மீன்காரர் வாயிலிருந்துதான் வந்தது. பாசாரில் மீனை வெட்டிக்கொண்டே, "உங்க கூட்டாளி கடையைக் குடுக்குறாங்களாமே ஆன்டி, யாரோ போன் கவர் விக்கிற ஆளு வாங்குறானாம்," என்றார். எனக்கு அப்படியே சுர்ரென்று ஏறியது. முப்பது வருடப் பழக்கம். அவள் பிள்ளைப்பேற்றுக்குப் பத்தியம் வைத்துக் கொடுத்தவள் நான். எனக்குத் தெரியாத சங்கதி மீன்காரருக்குத் தெரிந்திருக்கிறது. மீன் பையோடு நேராகத் தெங்கு கிளானா சாலைக்கு நடந்தேன்.

கிள்ளானில் அந்தச் சாலையில் துணிக்கடை இல்லாத வரிசை கிடையாது. நடுவில் ஜுஹைர் டெக்ஸ்டைல் என்று பச்சைப் பலகை இருக்கும். ஜுஹைர், சௌதாவின் கணவர். அவர் மவுத்தாகி, கண்ணை மூடி, ஒன்பது வருடம் ஆகியும் பலகையை மாற்றவில்லை. கீழே கடை, மேலே வீடு. கடையை விற்றால் வீடும் சேர்ந்துதான் போகும்.

சௌதா கைலிகளை அடுக்கிக்கொண்டிருந்தாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குப் புரிந்துவிட்டது.

"உக்காருங்கக்கா. மீனை அங்க வைக்காதீங்க, துணியில வாடை ஏறும்."

"எப்ப கையெழுத்து?"

"யாரு சொன்னா?"

"யார் சொன்னா என்ன? எப்ப?"

"வெள்ளிக்கிழமை. ஜும்மா முடிஞ்சு வரேன்னாரு." கைலியை ஒருமுறை பிரித்து மறுபடியும் மடித்தாள். "அதுக்கு முன்னாடி வியாழக்கிழமை கமிஷன்ல வரச் சொல்லிக் கடுதாசி வந்திருக்கு. செக்யூரிட்டிஸ் கமிஷன், முதலீட்டு விவகாரத்தை விசாரிக்கிற அரசாங்க ஆபீஸாம். வாக்குமூலம் எடுக்கணுமாம்."

"என்ன சொல்லப் போறே?"

"எல்லாம் என் பணம்னு சொல்லப் போறேன். கடையை வித்து உங்க ஏழு பேருக்கும் திருப்பிக் குடுத்துடறேன். முடிஞ்சு போச்சு."

இந்த இடத்தில் கொஞ்சம் பின்னால் போய்ச் சொல்லிவிடுகிறேன், இல்லையென்றால் யாருக்கும் விளங்காது.

சௌதா எங்களுக்குக் கூட்டு, அதாவது சீட்டு, பிடிக்கிறவள். ஆளுக்கு மாதம் இருநூறு வெள்ளி, அதாவது ரிங்கிட், கட்டுவோம். மாதம் ஒருத்தி மொத்தத்தையும் எடுத்துக்கொள்வாள். யார் எந்த மாதம் எடுத்தாள் என்பது சௌதாவுக்கு மட்டும்தான் தெரியும். அவள் சொல்ல மாட்டாள், நாங்களும் கேட்க மாட்டோம். எவளாவது எடுத்துவிட்டுக் கட்டாமல் போனால், பிடிக்கிறவள்தான் கைக்காசு போட்டுக் கட்ட வேண்டும். அது எழுதப்படாத கட்டளை. இந்த நாட்டில் கூட்டுப் பிடிப்பது சட்டப்படி குற்றம் என்பதும் எங்களுக்குத் தெரியும். தெரிந்தும் எங்கள் அம்மாக்கள் கட்டினார்கள், நாங்களும் கட்டினோம்.

இப்படிப்பட்ட எங்களுக்குள் பாண்டு எப்படி நுழைந்தது என்றால், என் தங்கை சந்திரகலாவின் மகன் விமலனால் நுழைந்தது. அவன் பிரிக்பீல்ட்ஸில் ஒரு முதலீட்டு ஆபீஸில் வேலை செய்தான். போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, கூட்டுக்காக எல்லோரும் என் வீட்டில் கூடியிருந்தபோது லேப்டாப்போடு வந்தான். கிள்ளானுக்குப் பக்கத்தில் மேருவில் ஒரு கம்பெனி செம்பனைக் கொட்டை ஓட்டிலிருந்து எரிபொருள் செய்யப் போகிறதாம். அதற்குப் பொதுமக்களிடம் கடன் வாங்குகிறதாம். கடனுக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பணம் வருமாம், ஐந்து வருடம் கழித்து முதலும் வருமாம். அதுதான் பாண்டு.

"நான் வட்டி வாங்க மாட்டேன் தம்பி," என்றாள் சௌதா.

"ஆன்டி, இது சுக்கூக். இஸ்லாமிய முறையில போட்ட பாண்டு. வட்டியே கிடையாது, லாபப் பங்குதான். மார்க்கம் படிச்சவங்க பார்த்துச் சரின்னு எழுதியிருக்காங்க."

அதைக் கேட்டதும் அவள் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். அதுவரைக்கும் நாங்கள் யாரும் உட்காரவில்லை. அவள் உட்கார்ந்ததும் எல்லோரும் உட்கார்ந்தோம்.

ஆனால் அந்தப் பாண்டை எங்களைப் போன்றவர்கள் வாங்க முடியாது. இரண்டு லட்சத்துக்குக் குறைந்து விற்க மாட்டார்கள். வாங்குகிற ஆளுக்கு மூன்று மில்லியன் வெள்ளிக்கு மேல் சொத்து இருக்க வேண்டும். விவரம் தெரிந்த பணக்காரருக்கு மட்டும் என்று சட்டம். அப்போதுதான் விமலன் சிரித்துக்கொண்டே சொன்னான். என் மேசையில், என் ஆட்டுக்கறியைச் சாப்பிட்டுக்கொண்டே சொன்னான்.

"கூட்டு மாதிரியே பண்ணிடலாம் லா. பேரு ஒருத்தரோடது, காசு எல்லாரோடதும். ஆளுக்கு இருபத்தஞ்சாயிரம், எட்டுப் பேரு."

"மூணு மில்லியன் எங்கிட்ட எங்கப்பா இருக்கு?" என்றாள் சௌதா.

"கடை இருக்கு, மேல வீடு இருக்கு, நகை இருக்கு. நான் போட்டுக்கறேன் ஆன்டி. இது சும்மா ஒரு ஃபார்மாலிட்டி."

அவனே நிரப்பினான். அவள் கையெழுத்துப் போட்டாள். எங்களுக்கு அது வினோதமாகவே தோன்றவில்லை. காலமெல்லாம் அப்படித்தானே செய்தோம், பணம் எட்டுப் பேருடையது, பெயர் சௌதாவுடையது. முதல் தடவை லாபம் வந்தது. சௌதா உறை போட்டுக் கொடுத்தாள். இரண்டாவது தடவை வரவில்லை. பிறகு பேப்பரில் மேரு கம்பெனி பெயர் வந்தது. ஆலை கட்டப்போவதாகச் சொன்ன இடத்தில் லாலாங் புல்தான் இருக்கிறதாம். விசாரணை என்று போட்டிருந்தது.

இனி கடைக்கே வருகிறேன்.

"உன் பணம்னு சொல்லச் சொன்னது யாரு?" என்று கேட்டேன்.

"விமலன்தான் போன் பண்ணான். கூட்டுன்னு ஒரு வார்த்தை வாயில வந்துச்சுன்னா எட்டுப் பேரும் மாட்டுவீங்கன்னான். வாணி அரசாங்க வேலையில இருக்கா, அவ பென்ஷன் போயிடும்னான். நியாயம்தானேக்கா?"

"அவன் சொன்னானா, நீயே முடிவு பண்ணியா?"

"அவன் சொல்லாட்டியும் நான் இதைத்தான் பண்ணியிருப்பேன்."

அன்று சாயங்காலமே மற்றவர்களை என் வீட்டுக்குக் கூப்பிட்டேன். சௌதாவைக் கூப்பிடவில்லை. அவள் கடையை விற்று நம் பணத்தைத் தரப் போகிறாள் என்று சொன்னதும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். அந்தப் பார்வையிலேயே எனக்குப் பாதி புரிந்தது.

வாணிதான் முதலில் வாயைத் திறந்தாள். நகராண்மைக் கழகத்தில் கிளார்க். இன்னும் இரண்டு வருடத்தில் ஓய்வு.

"வீராக்கா, நான் கெட்டவள்னு நினைச்சாலும் பரவாயில்ல. அவங்களா குடுக்கறேங்கிறாங்க. நாம ஏன் வாயைத் தொறக்கணும்?"

"அவ எங்க போயிப் படுப்பா, வாணி?"

"மகள் வீட்டுல. ரெண்டு பொம்பளப் புள்ள இருக்குல்ல."

"உன்னை மகள் வீட்டுல போயிப் படுன்னா படுப்பியா?"

"என் மகளா? அவ என்னை ஒரு தீபாவளிக்கு மேல வச்சுக்க மாட்டா," என்றாள். இரண்டு பேர் சிரித்தார்கள். உடனே அடக்கிக்கொண்டார்கள். பிறகு வாணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "அது என் மகன் படிப்புக்கு வச்சிருந்த காசுக்கா. நான் பொய் சொல்லச் சொல்லல. சும்மா இருப்போம்னு சொல்றேன்."

மஹ்ஜபீன், சௌதாவுக்கு உறவு, கணவர் மேருவில் சாப்பாட்டுக் கடை வைத்திருக்கிறார். அவள் தலைகுனிந்தே உட்கார்ந்திருந்தாள். "சௌதா மாமி பேச்சை மீற முடியாது," என்று மட்டும் சொன்னாள். மற்றவர்கள் தேநீரைக் குடித்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாகிறது, மழை வருகிறது என்று ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மழை வரவில்லை.

புதன்கிழமை சௌதாவைக் கொமுட்டர் ரயிலில் ஏற்றி பிரிக்பீல்ட்ஸுக்குக் கூட்டிக்கொண்டு போனேன். வக்கீல் கமலநாதனைப் பார்க்க. பாண்டு, பங்கு விவகாரத்தில் இருபது வருடம் வாதாடியவர் என்று சொன்னார்கள். பூக்கடைக்கு மேலே மூன்றாம் மாடி. படி ஏறி முடிப்பதற்குள் என் முழங்கால் இரண்டும் என்னை ஏசிவிட்டன.

சௌதா முழுவதையும் சொன்னாள். அவர் கண்ணை மூடிக் கேட்டார். தூங்குகிறாரோ என்று நினைத்தேன்.

"நாளைக்கு எல்லாம் என் பணம்னு சொல்லிடறேன் சார். அப்புறம் பிரச்சனை இல்லதானே?"

அவர் கண்ணைத் திறந்தார். "அம்மா, விசாரணை அதிகாரிகிட்ட பொய் சொல்றது தனியா ஒரு குற்றம். அந்தப் படிவத்துல ஏற்கனவே ஒரு பொய் இருக்கு. அதைக் காப்பாத்த இன்னொண்ணு சொல்லப் போறீங்க."

"யாருக்கும் நஷ்டம் இல்லாமப் போயிடும்ல."

"உங்களுக்குத்தான் மொத்த நஷ்டமும். கேளுங்க. பெரிய பணக்காரனுக்கு இந்தச் சட்டம் குடை பிடிக்காது. உனக்கு விவரம் தெரியும், தெரிஞ்சுதானே வாங்கினேன்னு விட்டுடும். எல்லாம் உங்க பணம்னா நீங்கதான் அந்தப் பெரிய ஆளு. உங்ககிட்ட வித்தது சரியாப் போயிடும். வித்தவன் தப்பிச்சுடுவான். சின்னச் சின்ன ஆளுங்க எட்டுப் பேருன்னு தெரிஞ்சும் வித்தான்னு வந்தாத்தான் அவன் மேலயும் அவன் ஆபீஸ் மேலயும் கை வைக்க முடியும், பணத்தையும் கேக்க முடியும்."

"உண்மையைச் சொன்னா நான் உள்ள போவேனா?"

"போக மாட்டீங்கன்னு எழுதிக் குடுக்க என்னால முடியாது. படிவத்துல கையெழுத்து உங்களோடது. ஆனா நிரப்பினது யாரு, சொல்லிக் குடுத்தது யாருங்கிறதுக்கு ஒரு ஆள் சாட்சி இருந்தா நிலைமையே வேற."

"நான் இருக்கேனே," என்றேன். "என் வீட்டு மேசையிலதான் எழுதினான். நானும் இருபத்தஞ்சாயிரம் போட்டிருக்கேன்."

அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "நீங்க இவங்க அக்கான்னு சொன்னாங்களே."

"அக்கா மாதிரி."

"அம்மா, தயவுசெஞ்சு வெளியே போங்க. இப்பவே."

"ஏன் சார்?"

"நீங்க சாட்சி. ரெண்டு பேரும் என் ரூம்ல உக்காந்து ஒண்ணாக் கதை கட்டினாங்கன்னு நாளைக்கு ஒருத்தன் கேப்பான். நான் இவங்களுக்கு வக்கீல், உங்களுக்கு இல்ல. வெளியே போங்க."

அறுபத்தெட்டு வயதில் என்னை வகுப்பிலிருந்து வெளியேற்றியது மாதிரி இருந்தது. முழங்காலைப் பிடித்துக்கொண்டு மூன்று மாடியும் இறங்கி, எதிர்த்த கடையில் தே தாரே சொல்லிவிட்டு உட்கார்ந்தேன். தேநீர் வருவதற்கு முன்னால் விமலன் வந்துவிட்டான். அவன் ஆபீஸ் அடுத்த சந்து. எங்களைப் பார்த்திருக்கிறான்.

"பெரியம்மா, வக்கீல் ஆபீஸுக்கு எதுக்குப் போனீங்க?"

"முழங்காலுக்கு மருந்து வாங்க."

அவன் சிரிக்கவில்லை. இளைத்திருந்தான். சட்டைக் காலர் கழுத்திலிருந்து விலகி நின்றது. "சௌதா ஆன்டி நாளைக்கு மாத்திச் சொல்லிடக் கூடாது. நீங்கதான் பாத்துக்கணும். அவங்க உங்க பேச்சைக் கேப்பாங்க."

"மாத்திச் சொன்னா என்ன?"

"நான் போன வாரமே குடுத்துட்டேன் பெரியம்மா."

"என்னத்தை?"

"வாக்குமூலம்." குரலைத் தாழ்த்தினான். "மொத்தப் பணமும் தன்னோடதுன்னு அவங்கதான் எங்கிட்ட சொன்னாங்க, மத்தவங்களைப் பத்தி எனக்குத் தெரியாதுன்னு சொல்லியிருக்கேன். அவங்க வேற மாதிரி சொன்னா நான் பொய் சொன்னதா ஆயிடும்."

தேநீர் வந்தது. கடைப் பையன் வைத்துவிட்டுப் போனான். விமலன் சௌதாவுக்கு யோசனை சொன்னது எங்களைக் காப்பாற்ற என்றுதான் அதுவரை நினைத்திருந்தேன். வாணியின் பென்ஷன், கூட்டுச் சட்டம் என்று பயமுறுத்தியதெல்லாம் அவனுடைய வாக்குமூலத்துக்கு முட்டுக் கொடுக்கத்தான்.

"அப்ப அவ என்னைக்காவது மாட்டினா, சொத்து இருக்குன்னு பொய் சொல்லி உன்னை ஏமாத்தினவ அவ. அப்படித்தானே?"

"அப்படியெல்லாம் ஆகாது."

"எவ்வளவு கமிஷன் வாங்கினே?"

அவன் மேசையைப் பார்த்தான். "நானும் ஏமாந்தவன் பெரியம்மா. ஆபீஸ்ல எங்களுக்கு என்ன சொன்னாங்களோ அதைத்தான் நான் உங்களுக்குச் சொன்னேன். அம்மாவோட அம்பாங் வீட்டை அடமானம் வச்சு நானும் போட்டிருக்கேன். அம்மாவுக்கு அது தெரியாது."

என் தங்கை சந்திரா இருபத்தாறு வருடம் தொழிற்சாலையில் நின்று வேலை பார்த்துக் கட்டிய வீடு அது.

"உங்க கையில வளந்தவன் நான். என்னை விட்டுக் குடுத்துடாதீங்க," என்றான். நான் சர்க்கரை வியாதிக்காரி என்று தெரிந்தும், அந்தத் தேநீருக்கு அவனே காசு கொடுத்து, சீனி போதுமா என்று கேட்டுவிட்டுப் போனான். சின்ன வயதிலும் அப்படித்தான். கண்ணாடியை உடைத்துவிட்டு வந்து கால் பிடித்துவிடுவான்.

திரும்பும் ரயிலில் கூட்டம். சுபாங் தாண்டிய பிறகுதான் இரண்டு பேருக்கும் இடம் கிடைத்தது. இதைப் பற்றி என்னோடு பேசக் கூடாது என்று வக்கீல் அவளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். நான் பேசினேன். விமலன் சொன்னது முழுவதையும் சொன்னேன்.

சௌதா ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்டாள். "சரி. அவன் சொன்னது அவனோட. நான் சொல்லப் போறதுல மாத்தம் இல்ல."

"பைத்தியமா உனக்கு?"

"கூட்டு பிடிச்சவ நான்தானேக்கா."

"இது கூட்டு இல்ல சௌதா."

"கூட்டு மாதிரின்னு சொல்லித்தானே எல்லாரும் குடுத்தீங்க. பாண்டுன்னா நீங்க குடுத்திருப்பீங்களா? வாணி குடுத்திருப்பாளா? சௌதா பேருல இருக்குன்னுதான் குடுத்தாங்க." முந்தானையைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டாள். "எனக்கு முன்னாடி எங்க மாமி பிடிச்சாங்க. ஒருத்தி எடுத்துட்டுப் பந்திங் பக்கம் ஓடிப் போயிட்டா. மாமி கையில கெடந்த காப்பைக் கழட்டிக் கட்டினாங்க. அவ பேரை எங்களுக்கே சொன்னதில்ல. மவுத்தாகுற வரைக்கும் சொல்லல."

"காப்பு வேற, கடை வேற. ஓடிப்போனவ உங்க மாமி மேல பழி போட்டுட்டா ஓடினா?"

ஷா ஆலம் வந்தது. பிறகு மெதுவாகச் சொன்னாள். "வாணி பென்ஷன் போச்சுன்னா நான் அந்தத் தெருவுல எப்படி நடப்பேன்? கடை போனா இன்னொரு தெருவுல இருந்துக்கலாம்."

அதற்கு மேல் அவளிடம் பேசிப் பயனில்லை. எனக்கு அவளைத் தெரியும்.

வீட்டுக்கு வந்ததும் வாணிக்குப் போன் போட்டேன். "நாளைக்கு நான் கமிஷனுக்குப் போறேன். பேரு கேட்டா உன் பேரைச் சொல்லுவேன். பின்னாடி சொல்லலன்னு சொல்லாதே."

"அக்கா, என் வேலை."

"கூட்டு கட்டினதை விட்டுடு. பாண்டுல உன்னை ஏமாத்திட்டாங்க வாணி. அதைச் சொல்லு. ஏமாந்ததுக்கு எவனும் பென்ஷனை நிறுத்த மாட்டான்னுதான் நினைக்கிறேன். எனக்கு நிச்சயமாத் தெரியாது. தெரியாததைத் தெரியும்னு சொல்லி உன்னைக் கூப்பிட மாட்டேன்."

கட் பண்ணிவிட்டாள். மற்ற ஐந்து பேருக்கும் இதையே சொன்னேன். ஒருத்தி ஏசினாள். ஒருத்தி அழுதாள். மஹ்ஜபீன் மட்டும், "மாமிக்குத் தெரியுமா?" என்று கேட்டாள். தெரியாது என்றேன். "அப்ப நானும் மாமிகிட்ட சொல்லல," என்றாள்.

வியாழக்கிழமை காலையில் சந்திரகலா மூன்று முறை கூப்பிட்டாள். நான் எடுக்கவில்லை. எடுத்தால் என் கால் வாசலைத் தாண்டாது.

கமிஷன் கட்டடம் பெரிய கண்ணாடிக் கட்டடம். கிராப் டாக்ஸி ஓட்டி வந்த பையன் என்னை ஒரு மாதிரி பார்த்துவிட்டு, "ஆன்டி, இங்க யாருக்காச்சும் சாப்பாடு கொண்டு வந்தீங்களா?" என்று கேட்டான். வரவேற்பில் இருந்த பெண்ணிடம் மலாயில் சொன்னேன். இன்று சௌதா என்பவரை விசாரிக்கிறார்கள், அந்த அதிகாரியைப் பார்க்க வேண்டும் என்றேன். அப்பாயின்மென்ட் இருக்கிறதா என்றாள். இல்லை. அப்படியானால் முடியாது என்றாள்.

"அந்தப் பணத்தில் என்னுடையதும் இருக்கிறது," என்றேன்.

அவள் போனை எடுத்தாள்.

காத்திருக்கச் சொன்னார்கள். அந்த நேரத்தில் என் மனம் போன போக்கைச் சொல்லி மாளாது. உள்ளே சௌதா இந்நேரம் சொல்லி முடித்திருப்பாளா? சொல்லிக் கையெழுத்துப் போட்டுவிட்டால் அதை மாற்றுவது எப்படி? நான் ஒன்று சொல்லி அவள் ஒன்று சொன்னால் அவளைப் பொய்க்காரி ஆக்குவது நானாகத்தானே இருக்கும்? எழுந்து போய்விடலாமா என்றுகூட நினைத்தேன். பையை எடுத்து மடியில் வைத்தேன். திரும்பக் கீழே வைத்தேன்.

முகத்தில் களைப்போடு ஒரு மலாய்ப் பெண் அதிகாரி வந்தார். புவான் நோர்லைலா என்று அட்டையில் இருந்தது. என்னை மாடிக்கு அழைத்துப் போனார். நீளமான நடைபாதை. பாதி வழியில் ஒரு கதவு திறந்தது. சௌதா வெளியே வந்தாள், பக்கத்தில் இன்னொரு அதிகாரி, பின்னால் கமலநாதன். கை கழுவப் போகிறாள் போல. என்னைப் பார்த்து நின்றுவிட்டாள்.

"நீங்க எதுக்கு வந்தீங்க?"

பேச வேண்டாம் என்று புவான் நோர்லைலா கையைக் குறுக்கே நீட்டினார். நான் பேசவில்லை. என் கழுத்தில் மாட்டியிருந்த வருகையாளர் அட்டையைக் கையில் எடுத்து, நானும் சாட்சி சொல்ல வந்திருக்கிறேன் என்று அவளுக்குத் தெரியும்படி பிடித்தேன். அவ்வளவுதான் என்னால் செய்ய முடிந்தது. கமலநாதன் உதட்டைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்த்தார்.

என்னை வேறு அறையில் உட்கார வைத்தார்கள். தமிழுக்கு ஆள் வேண்டுமா என்று கேட்டார்கள். வேண்டாம், மலாயிலேயே சொல்கிறேன் என்றேன். பொய் சொன்னால் என்ன தண்டனை என்பதைப் படித்துக் காட்டினார்கள். பிறகு கேள்விகள். எவ்வளவு கொடுத்தேன், யார் கையில் கொடுத்தேன், யார் வீட்டில், அந்தப் படிவத்தைப் பார்த்தேனா. பார்த்தேன். நிரப்பியது யார்?

பையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன்.

"விமலன்," என்றேன்.

"உங்களுக்கு அவரை எப்படித் தெரியும்?"

"என் தங்கை மகன். எட்டுப் பேர் பணம் என்று அவனுக்குத் தெரியும். அப்படிச் செய்யலாம் என்று சொன்னதே அவன்தான். மூன்று மில்லியன் என்னிடம் ஏது என்று சௌதா கேட்டாள். நான் போட்டுக்கொள்கிறேன் என்றான்."

அவர் தட்டச்சு செய்வதை நிறுத்தாமலே அடுத்த கேள்வி கேட்டார். நேற்று தேநீர்க் கடையில் நடந்ததையும் சொன்னேன். அம்பாங் வீட்டையும் சொன்னேன். அவனும் போட்டுத் தொலைத்திருக்கிறான், அதையும் எழுதுங்கள் என்றேன். எழுதினார். படித்துக் காட்டினார். கையெழுத்துப் போட்டேன். சௌதா என்ன சொன்னாள் என்று கேட்டேன். அதைச் சொல்ல முடியாது என்றார்.

வெளியே கார் வந்து நிற்கும் இடத்தில் ஒரு பெஞ்சு. அங்கே உட்கார்ந்திருந்தேன். வெயில் ஏறி இறங்கிய பிறகு சௌதா வந்தாள். கமலநாதன் என்னைப் பார்த்து, "நீங்க சொன்ன பேச்சைக் கேக்கவே மாட்டீங்களா?" என்று கேட்டுவிட்டுத் தன் காருக்குப் போய்விட்டார்.

சௌதா பெஞ்சின் மறுமுனையில் உட்கார்ந்தாள். நடுவில் இரண்டு பேர் உட்காரலாம்.

"என்ன சொன்னே?" என்றேன்.

"உள்ள பேசினதை வெளிய சொல்லக் கூடாதுன்னு சொல்லியிருக்காங்க."

"சரி."

அவள் கைப்பையைத் திறந்து மறுபடியும் மூடினாள்.

"பேரு மட்டும்தான் என்னோடதுன்னு சொன்னேன்," என்றாள். "காலையில பேரு, ஐசி அட்டை நம்பர், கடை விலாசம் எல்லாம் சரியாத்தான் சொன்னேன். பணம் யாரோடதுன்னு கேட்டதும் வாயே வரல. தண்ணி கேட்டேன், அப்புறம் கை கழுவணும்னு வெளிய வந்தேன். உங்களை அங்க பார்த்ததும் எனக்கு வந்துச்சு பாருங்க ஆத்திரம். இத்தனை வருஷத்துல எவ பேரும் என் வாயிலேர்ந்து வந்ததில்ல. இன்னைக்கு ஏழு பேரையும் வரிசையாச் சொல்ல வச்சுட்டீங்க."

"உன்மேல கேஸ் போடுவாங்களா?"

"தெரியாதாம். போட்டாலும் போடுவாங்களாம், சாட்சியா மட்டும் கூப்பிட்டாலும் கூப்பிடுவாங்களாம். வக்கீல் கையை விரிச்சுட்டாரு." கைப்பையிலிருந்து போனை எடுத்தாள். கடையை வாங்க இருந்தவரின் எண்ணைத் தேடினாள். "தம்பி, நான் ஜுஹைர் டெக்ஸ்டைல். நாளைக்கு வராதீங்க. கடை குடுக்கல. இல்ல, விலை பத்தி இல்ல. ஆமா, நிச்சயமாத்தான். மன்னிச்சுக்குங்க."

போனை வைத்துவிட்டுத் தலைமுக்காட்டைச் சரி செய்துகொண்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை. பார்த்தால் இரண்டு பேரும் அழுதுவிடுவோம், அங்கே ஆபீஸ் ஆட்கள் போய்க்கொண்டிருந்தார்கள்.

என் போன் அடித்தது. சந்திரா.

"எடுங்கக்கா," என்றாள் சௌதா.

எடுத்தேன். "கமிஷன்லேர்ந்து விமலனைத் திரும்ப வரச் சொல்லி இப்பத்தான் போன் பண்ணாங்க," என்றாள் என் தங்கை. "நீ என்னக்கா பண்ணே?"

"வீட்லதான் இருக்கியா?"

"நீ என்ன பண்ணேன்னு கேக்கிறேன்."

"நேர்ல சொல்றேன் சந்திரா. அவனையும் வீட்டுக்கு வரச் சொல்லு. வீட்டுப் பத்திரம் எங்க இருக்குன்னு எடுத்துப் பாரு. நான் இப்பவே அம்பாங்குக்கு வரேன்."

அவள் போனை வைக்கவில்லை. நான்தான் வைத்தேன்.

"நானும் வரேன்," என்றாள் சௌதா.

"வேணாம். உன்னைப் பார்த்தா அவ கதவைத் தொறக்க மாட்டா. என்னைப் பார்த்தா தொறந்து வச்சு ஏசுவா. அது பரவாயில்ல."

கிராப் கூப்பிடப் போனை எடுத்தேன். சௌதா என் போனை வாங்கி அம்பாங் விலாசத்தைக் கேட்டுக் கேட்டு அவளே போட்டாள். கார் வந்ததும் பின் கதவைத் திறந்துவிட்டாள். பெஞ்சில் போய் மறுபடியும் உட்கார்ந்தாள். நான் ஏறி, அம்பாங் என்று ஓட்டுநரிடம் இன்னொரு முறை சொன்னேன்.